முற்றத்துப் பள்ளி

நொய்யலாற்றின் இரு மருங்கிலும் பரந்து விளங்குவது திருப்பூர் நகரம். பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற அந்நகரில், பொழுது புலர்ந்தமையை அறிவிப்பன பறவைகளின் ஒலி மட்டும் அல்ல. தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் ஒலியும் ஆகும். காலை எட்டு மணிக்கெல்லாம் தெருக்கள் மக்களால் நிரம்பிவிடும். சோற்றுத் தூக்கை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பற்றியவாறு விரைந்து நடக்கும் மகளிர் பலரை அவ்வேளையில் காணலாம். அவர்கள் முதலில் செல்லுமிடம் ஆலை அன்று. தெருக்கோடியில் உள்ள அங்கன்வாடி மையம். மக்கள் இன்றும் பேச்சு வழக்கில் அதனைப் பால்வாடி என்றே கூறுவர். வாயிலில் நிற்கும் பணியாளரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் தாய் திரும்பி நடக்கிறாள். இதற்கு ஆகும் காலம் இரண்டு நிமிடமே. வேலை தொடங்குமுன் அவள் ஆலைக்குள் இருத்தல் வேண்டும்.

அந்த இரண்டு நிமிடத்தோடு பெற்றோரின் பங்கு முடிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். கற்பிப்பது பள்ளியின் வேலை, பொருள் ஈட்டுவது தம் வேலை என்பது அவர்கள் கருத்து. ஆனால், மூன்று வயதுக் குழந்தை ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்கி வைக்கும் மூட்டை அன்று. இரவு அது நன்றாக உறங்கியதா, எதைக் கண்டு அஞ்சுகிறது, காலையில் என்ன உண்டது, எந்தச் சொல்லால் தண்ணீர் கேட்கும் என்பனவெல்லாம் தாய்க்குத் தெரியும், பணியாளருக்குத் தெரியா. மையத்தில் அது யாரோடு விளையாடிற்று, எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டது, யாரிடமிருந்து எதனைப் பறித்துக்கொண்டு அழுதது என்பன பணியாளருக்குத் தெரியும்; தாய்க்குத் தெரியா. இவ்விரண்டும் ஒன்று கூடாவிடின், அக்குழந்தையை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இலர்.

குழந்தையின் முதற்கல்வி வீட்டில் தொடங்குகிறது என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது. ஐந்தாம் திங்களில் தலையெடுத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் இரு கையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என அப்பருவங்கள் வளர்ந்து செல்லும். இவற்றை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பருவந்தோறும் குழந்தையின் எதிரே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் கை கொட்டச் சொல்கிறார். வா என்று அழைக்கிறார். நிலவைக் காட்டிப் பேசுகிறார். குழந்தை தனியே கற்பதில்லை. தன்னோடு பேசுவோர் முகத்தைப் பார்த்தே கற்கிறது. இக்கால அறிவியலாரும் இதனையே வேறு சொற்களால் கூறுகின்றனர். குழந்தை ஓர் ஒலி எழுப்ப, பெரியவர் அதற்கு மறுமொழி தர, அம்மறுமொழிக்குக் குழந்தை மீண்டும் ஓர் ஒலி எழுப்ப, இங்ஙனம் பந்தாடுவது போல் நடைபெறும் பரிமாற்றத்தால் மூளையின் இணைப்புகள் வலுப்பெறுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிபு.

அங்ஙனமாயின், வீட்டுக்கு வெளியே குழந்தைகளுக்கென ஓர் இடம் வேண்டுவது ஏன்? வீட்டில் இருப்போர் அனைவரும் வேலைக்குச் சென்றுவிடும் காலம் வந்தமையே காரணம். இத்தாலி நாட்டின் தலைநகராகிய ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. திருப்பூரில் இன்று லைன் வீடு என்று வழங்கும் வரிசை வீடுகளைப் போன்று, ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர்ச் சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைப் பாழ்படுத்தினர். இதனைத் தடுக்க விரும்பிய கட்டட நிருவாகத்தினர், மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரை நாடினர். 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அக்கட்டடத்திலேயே ஓர் அறையில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கப்பெற்றது. சுவரைக் காக்கத் தொடங்கிய முயற்சி உலகின் கல்வி முறையையே மாற்றியது என்பது வியப்பன்றோ!

அவ்வில்லத்திற்கென எழுதி வைத்த விதிகள் கருதத்தக்கவை. பெற்றோர் கட்டணம் ஒன்றும் செலுத்த வேண்டுவதில்லை. ஆனால், குழந்தையைத் தூய்மையாக அனுப்புதல் வேண்டும். தாய் கிழமைக்கு ஒரு முறையேனும் ஆசிரியையிடம் வந்து, வீட்டில் குழந்தை நடந்துகொள்ளும் முறையைக் கூறி, அவர் தரும் அறிவுரையைக் கேட்டுச் செல்லுதல் வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்திலேயே குடியிருந்தார். ஆகவே, தாய்மார் அவரைக் காண நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கவில்லை. மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதற்கு முன்னரே அவர் கொள்கை இந்நாட்டில் வேரூன்றியிருந்தது. குசராத்தியரான கிஜுபாய் பதேகா வழக்குரைஞர் தொழிலைத் துறந்து, 1920-இல் பாவநகரில் பால மந்திரம் ஒன்றை நிறுவினார். அவரோடு இணைந்து உழைத்தவர் தாராபாய் மோடக் அம்மையார்.

தாராபாய் அம்மையாரின் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு திருப்பம், இன்று இந்தியாவின் ஒவ்வொரு சிற்றூரையும் தொட்டு நிற்கிறது. நகரத்துக் குழந்தைகளுக்கு வாய்த்த கல்வி, சிற்றூர்க் குழந்தைகளுக்கும் கிட்டுதல் வேண்டும் என்று அவர் விரும்பினார். 1945-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்திலுள்ள போர்டி என்னும் ஊரில் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆயினும், சேரிகளிலும் பழங்குடிக் குப்பங்களிலும் வாழ்ந்த வறிய குழந்தைகள் அப்பள்ளியை நாடி வரவில்லை. சிலர் தம்பி தங்கையரைக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தனர். சிலர் ஆடு மாடு மேய்த்தனர். பெற்றோரோ விடியுமுன் வேலைக்குச் சென்றிருந்தனர். வேறொருவராயின், பெற்றோர்க்குக் கல்வியில் நாட்டம் இல்லை என்று கூறிப் பள்ளிக் கதவை அடைத்திருப்பார். தாராபாய் அம்மையார் அவ்வாறு செய்தாரில்லை. குழந்தை பள்ளிக்கு வர இயலாவிடின், பள்ளி குழந்தையிடம் செல்லுதல் முறையாகும் என்று துணிந்தார். அவரும் அவருடைய மாணவியாகிய அனுதாய் வாக் அம்மையாரும் குப்பங்களுக்கே சென்று, வீட்டு முற்றத்தில் குழந்தைகளைத் திரட்டினர், குளிப்பாட்டினர், தலை வாரினர், பாடியும் ஆடியும் கற்பித்தனர். முற்றத்தில் நடந்தமையால் அப்பள்ளிக்கு அங்கன்வாடி என்னும் பெயர் வந்தது. அங்கன் என்பது முற்றம். வீட்டு வேலையைச் செய்துகொண்டே தாய்மாரும் பாட்டியரும் அங்கே நடப்பதைக் கண்டனர். பள்ளியில் நிகழ்வது இன்னது என்பதை அறிய அவர்கள் எங்கும் செல்ல வேண்டுவதில்லை. அது அவர்கள் கண்முன்னரே நிகழ்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1945-ஆம் ஆண்டு சேவாகிராமத்தில் கூடிய ஆதாரக் கல்வி மாநாடு, கல்வியானது பள்ளி வயதுக்கு முன்னரே தொடங்குவது என்றும், முதியோர் கல்வியும் அதனோடு இணைந்தது என்றும் வகுத்தது. அக்கல்வி முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்பியவர், 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக விளங்கிய தி. சு. அவிநாசிலிங்கம் ஆவார். அவர் திருப்பூரில் பிறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

1975-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியபொழுது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரையே இட்டது. உணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு நல அறிவு புகட்டல், பள்ளி முன்பருவக் கல்வி என ஆறு பணிகளை அம்மையங்கள் ஆற்றுகின்றன. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிப் பருவம் எய்தாத சிறுவரையும் இம்முறையில் கொண்டு வந்து சேர்த்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இம்மாநிலத்தில் உள்ளன. பெயர் நிலைத்தது. ஆனால், முற்றம் மறைந்தது. மையங்கள் நான்கு சுவருக்குள் அமைந்தன. தாய்மார் வாயிற்படிக்கு வெளியே நின்றனர்.

திருப்பூரைப் போன்ற தொழில் நகரில் அவ்வாயிற்படியைக் கடப்பது எளிதன்று. பவர் டேபிளில் தைக்கும் மகளிர்க்கும், துணியின் பிசிறு வெட்டும் மகளிர்க்கும், அடுக்கிக் கட்டும் மகளிர்க்கும் கூலி பெரும்பாலும் கிழமைக் கணக்கில் சனிக்கிழமையன்று கிடைப்பது. பீஸ் ரேட்டில் வேலை செய்வோர்க்கு ஒரு மணி நேரம் இழத்தல் என்பது அந்நேரத்துக் கூலியை இழத்தல் ஆகும். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தால் வருவோர் சிலரே. அச்சிலரைக் கண்டு, ஏனையோர்க்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது அறியாமை. வராதவள் குழந்தையின் அடுத்த கிழமைப் பாலுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே, பெற்றோர் எங்ஙனம் பங்கு கொள்ளலாம் என்று வினவுவோர், அவர்களிடம் உள்ளது எது, இல்லாதது எது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அவர்களிடம் இல்லாதது நேரம். உள்ளது யாது?

இத்தாலி நாட்டிலேயே மற்றொரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். இரண்டாம் உலகப்போர் 1945-ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் அங்கு ஓய்ந்தது. ரெஜ்ஜோ எமிலியா என்னும் நகருக்கு அருகே வில்லா செல்லா என்றொரு சிற்றூர் இருந்தது. பின்வாங்கிச் சென்ற செருமானியப் படை ஒரு பீரங்கி வண்டியையும் சில பார வண்டிகளையும் குதிரைகளையும் அங்கே விட்டுச் சென்றது. ஊரார் அவற்றை விற்றுப் பணமாக்கினர். பசியும் பாழும் சூழ்ந்திருந்த அந்நாளில், அப்பணத்தைக் கொண்டு அவர்கள் கட்டத் துணிந்தது குழந்தைகளுக்கு ஒரு பள்ளி. உழவர் ஒருவர் நிலம் தந்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லும் மரமும் கட்டடத்துக்கு ஆயின. ஆற்றிலிருந்து மணல் வந்தது. பகலெல்லாம் பிழைப்புக்கு உழைத்தவர்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து சுவர் எழுப்பினர். இச்செய்தியைக் கேள்வியுற்ற லோரிசு மலகுத்சி என்னும் இளம் ஆசிரியர், மிதிவண்டியில் அவ்வூருக்குச் சென்று கண்டு, அவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்நகரின் பாலர் பள்ளிகளைக் காண இன்று பல நாட்டுக் கல்வியாளர் செல்கின்றனர். அங்கே பெற்றோர் பார்வையாளர் அல்லர். ஆசிரியரோடு ஒப்ப அமர்ந்து பள்ளியை நடத்துவோர். தம் கையால் செங்கல் அடுக்கிக் கட்டிய பள்ளியை அயலார் பள்ளி என்று யார்தான் எண்ணுவர்?

திருப்பூரில் உடைந்த பீரங்கி இல்லை. ஆனால், ஒவ்வொரு தொழிற்கூடத்தின் மூலையிலும் பனியன் வேஸ்ட் என்று வழங்கும் துண்டுத் துணி குவிந்து கிடக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என அதில் இல்லாத நிறம் இல்லை. அத்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்குவது மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு பாடம். ஒரே நிறத்தில் கருமையும் வெளுமையும் வேறுபடும் துண்டுகளை வரிசைப்படுத்துவது நான்கு வயதுக் குழந்தைக்குப் பாடம். மாண்டிசோரி அம்மையார் வண்ணப் பலகைகள் செய்து கற்பித்ததும் இதனையே. பின்னல் துணியின் நீண்ட துண்டை இழுத்தால், அதன் ஓரங்கள் தாமே சுருண்டு கயிறு போல் ஆகிவிடும். இதனைக் கண்டு குழந்தை அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பழைய பனியனுக்குள் துண்டுகளைத் திணித்துத் தைத்தால் பந்து. கண்ணும் மூக்கும் நூலால் இட்டால் பொம்மை. நூல் தீர்ந்த கூம்பு வடிவக் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோபுரம். பொத்தான்களும் அழகியவைதாம், எனினும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை அவற்றை வாயில் இட்டு விழுங்கும், மூச்சு அடைக்கும். ஆதலின் அவற்றை விலக்குதல் வேண்டும். துணித் துண்டுகளையும் நன்கு துவைத்து உலர்த்திய பின்னரே கொடுத்தல் வேண்டும்.

இத்தகைய எளிய பொருள்களால் யாது பயன் விளையும் என்று ஐயுறுவோர்க்கு, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சமைக்காவில் நடந்த ஓர் ஆய்வு மறுமொழி கூறும். அந்நாட்டின் தலைநகராகிய கிங்சுட்டனின் வறிய பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை 1986-ஆம் ஆண்டையொட்டி ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கிழமைதோறும் ஒரு நலப் பணியாளர் சென்றார். ஒரு மணி நேரம் அங்கே தங்கினார். அட்டைப் பெட்டி, நெகிழிப் புட்டி, துணித் துண்டு முதலியவற்றால் விளையாட்டுப் பொருள்கள் செய்து, அவற்றைக் கொண்டு குழந்தையோடு பேசி விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளைத் தேடிக் கண்டபொழுது, அப்பணியாளர் சென்ற வீடுகளில் வளர்ந்தோர், செல்லாத வீடுகளில் வளர்ந்தோரைக் காட்டிலும் நூற்றுக்கு 25 பங்கு மிகுதியாகப் பொருள் ஈட்டுவது தெரிய வந்தது. பணியாளர் தங்கியது கிழமைக்கு ஒரு மணி நேரமே. எஞ்சிய ஆறு நாளும் அவ்விளையாட்டை நடத்தியவள் தாய் அல்லளோ?

‘எனக்கு எழுத்துத் தெரியாதே, நான் என்ன கற்பிப்பேன்?’ என்று கூசி ஒதுங்கும் தாயரும் உளர். அவர்கள் தம்மிடம் உள்ள செல்வத்தை அறியார். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடையும் விளையாட்டைத் தமிழ்நாட்டில் அறியாதார் யார்? கடைந்த பருப்பைச் சோறாகப் பிசைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு, அண்ணனுக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கி ஊட்டி, இறுதியில் கழுவிக் கொட்டி, விரல்கள் நண்டும் நரியுமாகக் கைமேல் ஊர்ந்து சென்று அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் அவ்விளையாட்டில் எத்தனை பாடங்கள் அடங்கியுள்ளன! ஐந்து விரல்களின் எண்ணிக்கை அதில் உண்டு. உறவு முறை உண்டு. பகிர்ந்து உண்ணும் பழக்கம் உண்டு. அடுத்து வருவது இன்னது என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொறுமையும் உண்டு. எழுத்தறியாத அம்மிச்சி ஒருவர் — கொங்கு நாட்டார் தாயைப் பெற்ற பாட்டியை அவ்வாறே அழைப்பர் — மையத்துக்கு வந்து அரை மணி நேரம் இவ்விளையாட்டையும் இரண்டு விடுகதைகளையும் நடத்திச் சென்றால், அன்றைய பாடம் சிறப்புறும் என்பதில் ஐயமில்லை. வேலைக்குச் செல்லாத முதியோர்க்கு நேரமும் உண்டு.

தந்தையர் இதில் பங்கு கொள்ளுதல் அரிதாகவே உள்ளது. குழந்தை வளர்ப்புப் பெண்டிர் வேலை என்ற பழைய எண்ணமே அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தைப் போற்றத் தக்கது என்று கூறுவதற்கில்லை. கட்டிங் மாஸ்டராக இருக்கும் தந்தை அளவு நாடாவோடு ஒரு நாள் மையத்துக்கு வந்து, ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் அளந்து சுவரில் கோடிட்டால் என்ன ஆகும்? நெட்டை, குட்டை, சமம் என்னும் சொற்கள் அன்றே குழந்தைகளுக்கு விளங்கிவிடும். பின்னல் எந்திரத்தை இயக்கும் தந்தை ஒரு நூலைக் கொண்டு கண்ணிக்குள் கண்ணி கோத்துக் காட்டி, பின்னர் ஒரு முனையை இழுத்து முழுவதையும் உருவிவிட்டால், மீண்டும் செய்யுமாறு குழந்தைகள் அவரை விடமாட்டார்கள்.

திருப்பூருக்குப் பிழைப்பை நாடி வந்தோர் தென் மாவட்டத்தார் மட்டும் அல்லர். பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்துள்ளன. அக்குடும்பத்துக் குழந்தை மையத்தில் நாள் முழுவதும் வாய் திறவாது அமர்ந்திருப்பதுண்டு. அது மந்தபுத்தி அன்று, மொழி விளங்காமை. இங்கே தாயின் அந்த இரண்டு நிமிடம் பேருதவி புரியும். தண்ணீர், பசி, வலி, கழிப்பிடம், அம்மா எப்பொழுது வருவாள் என்னும் ஐந்தாறு சொற்களைத் தம் மொழியில் அவள் சொல்லித்தர, பணியாளர் அவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டால், குழந்தைக்கு அயலூர் சொந்த ஊராகத் தொடங்கும். அத்தாயும் வீட்டில் தன் மொழியிலேயே கதை சொல்லலாம். வீட்டு மொழியில் வலுப்பெற்ற குழந்தைக்குத் தமிழ் விரைவில் வசப்படும்.

மையத்தைக் கண்காணிப்பதும் பெற்றோரின் உரிமையாகும். குழந்தையைத் திங்கள்தோறும் எடை பார்த்து அட்டையில் புள்ளியிடுகின்றனர். அப்புள்ளிகளை இணைக்கும் கோடு மேல்நோக்கி ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பதைக் காண எழுத்தறிவு வேண்டா. தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், தாய்மார் முன்னிலையில் இவ்வாறு எடை பார்க்கும் பழக்கத்தைச் சிற்றூர்களில் பரப்பியது. கோடு படுத்திருப்பதைக் கண்ட தாய், காரணம் கேட்க வேண்டும். சமைத்த உணவைச் சுவைத்துப் பார்க்கலாம். குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டதா என்று நோக்கலாம். குறை கண்டவிடத்துச் சினந்து கூவுவதைக் காட்டிலும், நான்கு பெற்றோர் கூடிச் சென்று மேற்பார்வையாளரிடம் எடுத்துரைத்தால் பயன் விளையும். நடுவண் அரசு 2013-இல் வெளியிட்ட முன்பருவக் குழந்தைக் கல்விக்கான தேசியக் கொள்கையும் பெற்றோரை இப்பணியில் பங்காளிகளாகவே கருதுகிறது.

இனி, பலரும் பேசாத ஒரு செய்தி உண்டு. மையம் பிற்பகலில் மூடப்படும்; ஆலைகளோ மாலைக்கு மேலும், வேலை மிகுந்த நாளில் இரவிலும் ஓடும். இடைப்பட்ட அந்த நேரத்தில் குழந்தையை யார் காப்பது? பாட்டி இல்லாத வீடுகளில் அச்சுமை அக்காளின் தலையில் விழுகிறது. முதலில் அவள் மாலை வகுப்பை விட்டு முன்னரே வருகிறாள். பின்னர் வாரத்தில் ஒரு நாள் நிற்கிறாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் மூன்று நாள் நிற்கிறாள். தேர்வு வரும்பொழுது பாடம் வெகுதொலைவு சென்றிருக்கிறது. ஒரு குழந்தைக்கு முன்பருவக் கல்வி கிட்டுவதற்காக மற்றொரு குழந்தை தன் கல்வியை இழப்பது நேர்மையாகாது. தாராபாய் அம்மையார் இதனை அன்றே கண்டார். 1957-இல் கோசுபாடு என்னும் குன்றுப் பகுதிக்குத் தம் பணியை மாற்றிக்கொண்ட அவர், குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்து விகாசவாடி எனப் பெயரிட்டார். தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்த சிறுமி, அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அடுத்த அறையில் அமர்ந்து படித்தாள்.

தொழிற்சாலைகளும் இதில் பொறுப்புடையன என்பதை நாட்டின் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்டிர்க்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று விதித்தது. 1976-இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் அமைத்தல் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று தன் குழந்தையைக் காணலாம் என்றும் வரையறுத்தது. நான்கு முறை என்பது சிறிய சலுகை அன்று. ஆனால், திருப்பூரில் பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்யும் சிறு கூடங்கள் எண்ணிறந்தவை. சட்டத்தின் எண்ணிக்கைக்குள் அவை அடங்கா. அடுத்தடுத்துள்ள கூடங்கள் சில ஒன்றுகூடித் தெருவுக்கு ஒரு காப்பகம் நடத்தலாம். அல்லது மையத்தின் நேரத்தை ஆலையின் நேரத்தோடு பொருத்தலாம். பெற்றோர் தனித்தனியே கேட்டால் இவை நடவா. ஒரே லைன் வீட்டில் வாழும் பத்துத் தாய்மார் ஒருங்கே கேட்டால் நடக்கக்கூடும்.

அதுகாறும் வீடுதோறும் ஏதேனும் ஓர் ஏற்பாடு நடந்துகொண்டே இருக்கிறது. அத்தகைய வீடு ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். தாய் துணி சோதிக்கும் செக்கிங் வேலையில் இருக்கிறாள். தந்தை இரவு ஷிப்டு. எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், பிற்பகலில் அண்டை வீட்டு ஆத்தாள் அழைத்து வந்து வைத்திருக்கும் தம்பியை, பள்ளி விட்டதும் பெற்றுக்கொள்ள வருகிறாள். வழியில் மையப் பணியாளர் எதிர்ப்படுகிறார். “கண்ணு, தம்பி இன்று சிவப்புத் துண்டையெல்லாம் ஒன்றுவிடாமல் தனியாகப் பிரித்து வைத்தான் என்று அம்மாவிடம் சொல்” என்கிறார். மகள் அதனை மறவாது சுமந்து செல்கிறாள். இரவு ஒன்பது மணிக்குத் தாய் வரும்பொழுது சிறுவன் உறங்கிவிட்டான். மகள் செய்தியைச் சொல்கிறாள். தாய் சோறு உண்டவாறே கேட்டு, உறங்கும் மகனை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள்.

மறுநாட் காலை, மையத்தின் வாயிற்படி. ஆலை தொடங்க இன்னும் சிறிது நேரமே உண்டு. ஆயினும் தாய் உடனே திரும்பவில்லை. “டீச்சர், இரவு தூக்கத்திலும் சிவப்பு, சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தானுங்க” என்று கூறி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூன்று நீலத் துண்டுகளை எடுத்துப் பணியாளர் கையில் கொடுக்கிறாள்.